தவிட்டுக்கு வாங்குன புள்ள

எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் முத்துலிங்கம் ஊரெல்லாம் சொல்லுவாரு. சொல்லட்டும். அறுபத்தொரு வயசு மனுசனை, பொறந்ததுல இருந்து இந்த மலையை விட்டு இறங்காத ஆளை, மார்ச்சு முடியறதுக்குள்ள நாட்டை விட்டுப் போயிருன்னு கடுதாசி போட்டா, கோவம் வராம கொஞ்சலா வரும்?

அந்த ஆள் எங்க அப்பா. பேரு தவிட்டான். சிரிக்காதீங்க, பேரே அதுதான். கண்டிப் பக்கம் கெலிஓயாவுக்கு மேல ஆத்தடித் தேயிலைத் தோட்டத்துல பொறந்து, அங்கேயே செடிக்குக் கவ்வாத்து வெட்டி, அம்மா செத்தப்புறம் குண்டசாலையில எங்களோட வந்து இருந்தாரு. கடுதாசி வந்தது எழுபத்துமூணு நவம்பர்ல. பாண் ரொட்டிக்கு வரிசையில நின்னு அரை றாத்தலோட நான் வீட்டுக்கு வர்றேன், அப்பா அந்தக் கடுதாசியை மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில ஒக்காந்திருக்காரு.

"என்னப்பா அது?"

"தெரியலம்மா. முத்திரையெல்லாம் போட்டிருக்கு."

எனக்குன்னு ஒரு பயமும் இல்லை. என் மாமனார் அம்பதுகள்லயே எழுதிப்போட்டு இலங்கைப் பதிவுப் பிரஜை ஆயிட்டாரு. மகனும் மருமக நானும் அந்த நெழல்ல ஒதுங்கிட்டோம். அப்பாவுக்கு அப்படி நெழலு ஏது? நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி, தோட்டத்து ஆளுங்களை ரெண்டு நாட்டுக் கவர்மெண்டும் பங்கு போட்டுக்கிட்டப்போ, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு ஒரு பாரத்துல கைநாட்டு வாங்கியிருக்காரு. இது என்னத்துக்குன்னு அப்பா கேட்டிருக்காரு. "எல்லாரும் வைக்கிறாங்க, நீயும் வையி"ன்னாராம். வச்சிட்டாரு. கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களே, அதுதான். அது இந்தியாவுக்குப் போறேன்னு சம்மதிச்ச பாரம். பின்னாடி பாஸ்போர்ட்டும் வந்திருக்கு. அதை அரிசிக் கூப்பன் புத்தகத்தோட சேத்துச் சுத்திப் பெட்டியில பத்திரமா வச்சிருக்காரு எங்கப்பா, ஏதோ சாமி படம் மாதிரி.

அந்தப் பாஸ்போர்ட்டுல தகப்பன் பேரு மூக்கையான்னு இருந்தது. எங்க தாத்தா பேரு கறுப்பையா. ஆயிரம் பேருக்கு எழுதறவன் மாத்தி எழுதிப்புட்டான்னு நெனச்சேன். சந்தோசம்கூடப் பட்டேன். தப்பு அவங்க பக்கம்தானே, இதையே புடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டுடலாம்னு கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

கச்சேரியில, அதான் கவர்மெண்டு ஆபீசுல, பிரஜாவுரிமைப் பக்கத்துல பாலாம்பிகைன்னு ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் இருந்தாங்க. கண்ணாடி போட்ட, மெலிஞ்ச அம்மா. நான் போட்ட சத்தத்துக்கு வேற யாராச்சும்னா வெளியில போகச் சொல்லியிருப்பாங்க. அவங்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "முதல்ல இருங்கோ அம்மா. கத்தினா எனக்குக் காதும் கேக்காது, எழுதவும் வராது"ன்னாங்க. ஒக்காந்தேன்.

"உங்கட அப்பாவும் இங்க பிறந்தவர், அவற்ற தகப்பனும் இங்க பிறந்தவர் எண்டு ரெண்டு பேரின்ர பிறப்புப் பதிவும் கொண்டு வந்தீங்கள் எண்டால், சட்டப்படி அவர் எப்பவோ இந்த நாட்டு ஆள். அந்தப் பாரம் பிழையாப் போட்டது எண்டு விசாரணைக்கு வைக்கலாம். விளங்குதோ?"

நல்லா விளங்குச்சு. தாத்தா கறுப்பையா ஆத்தடித் தோட்டத்துலதான் பொறந்தவரு. ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்துநாலு. அந்தப் பத்திரம் அப்பா பெட்டியில பழுப்பேறிப்போய் இருந்திச்சு. தோட்டத்துல யாரு வீட்டுலயும் இல்லாத சங்கதி அது. பாதிக் கெணறு தாண்டியாச்சு. இனி அப்பாவோட பத்திரம் ஒண்ணு கெடைச்சாப் போதும்.

அதுக்கு எத்தனை நடை! தோட்டத்து ஆபீசுல ஆள் பேர் பதியற பழைய செக்ரோல் புத்தகமெல்லாம் கறையான் தின்னுடுச்சுன்னுட்டாங்க. அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிஞ்சாங்களான்னா, அந்தக் காலத்துல மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனதோட சரி. கச்சேரிப் பதிவறையில தேதி சொல்லு, தேதி சொல்லுன்னாங்க. எங்கப்பாவுக்குத் தேதி தெரியுமா? "ஆத்துல வெள்ளம் வந்து பாலம் அடிச்சிக்கிட்டுப் போன வருசம், தீவாளி கழிச்சு"ன்னாரு. போய்ச் சொல்லு அதை! மூணு மாசத்துப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாப் பாக்கச் சொல்லி நான் நின்ன நெலையை நெனச்சா இப்பவும் கால் வலிக்குது. கடைசியில, ஜனவரி பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, கெடைச்சிருச்சு. மிஸ் அதை வாங்கி வாசிச்சாங்க. வாசிச்சிட்டு என்னையப் பாத்தாங்க.

"அம்மா, உங்கட அப்பப்பான்ர பேர் என்ன எண்டு சொன்னீங்கள்?"

"கறுப்பையா."

"இதில பேர் தவிட்டான். ஆத்தடித் தோட்டம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு. எல்லாம் சரி. ஆனா தகப்பன் மூக்கையா, தாய் வேலாயி. தகப்பன் பிறந்த இடம் இந்தியா, திருச்சினாப்பள்ளி எண்டு கிடக்கு."

வெண்ணெய் தெரண்டு வர்றப்போ தாழி ஒடைஞ்சாப்பல ஆயிருச்சு எனக்கு. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிஞ்சேன்.

"யாருப்பா இந்த மூக்கையா?"

அப்பா பீடியை அணைச்சாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி, "அவரும் எனக்கு அப்பாதாம்மா"ன்னாரு.

அப்புறம்தான் கதை வந்திச்சு. கறுப்பையாத் தாத்தாவுக்கு மூணு புள்ளைங்க பொறந்து மூணும் வருசம் திரும்பறதுக்குள்ள செத்துப் போச்சு. நாலாவது எங்கப்பா. பொறந்த மூணாம் நாளே முறத்துல தவிட்டைப் பரப்பி, அது மேல புள்ளையைக் கெடத்தி, "இது எங்களுக்கு வேணாம், யாருக்கு வேணும்"னு லயத்து வரிசை வீட்டு வாசல்ல வச்சிட்டாங்க. அடுத்த காம்பரா வீட்டுல இருந்த மூக்கையாவும் வேலாயியும், "எங்களுக்கு வேணும்"னு ஒரு படி தவிடு குடுத்து வாங்கிக்கிட்டாங்க. எமன் கறுப்பையா புள்ளையத் தேடி வந்தா, கறுப்பையாவுக்குப் புள்ளையே இல்ல. தவிட்டுக்கு வாங்குன புள்ள தவிட்டான். பால் குடிச்சது, வளந்தது எல்லாம் கறுப்பையா வீட்டுலதான். ஆனா வெளி ஆளு யாரு கேட்டாலும் மூக்கையா புள்ள. அதனால பேர் பதியறதுக்கு மூக்கையாவே தோட்டத்து ஆபீசுக்குப் போய், எம் புள்ளைன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அப்பாவும் அப்படியே பழகிட்டாரு. வீட்டுக்குள்ள கறுப்பையா, வெளியில மூக்கையா. பாஸ்போர்ட்டுக்குக் கேட்டப்பவும் அதையேதான் சொல்லியிருக்காரு. எழுதினவன் மேல தப்பே இல்ல.

"எமனை ஏமாத்தறதுக்குக் கவர்மெண்டுப் புத்தகமா கெடைச்சிது? எமன் என்ன, கச்சேரியில வந்து புத்தகம் பொரட்டுறானா?"ன்னு கத்தினேன்.

"நான் உசுரோடதானே இருக்கேன்"னாரு அப்பா.

மறுநாள் மிஸ்கிட்டப் போய் ஒண்ணுவிடாமச் சொன்னேன். நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க.

"ஓம் அம்மா. எங்கட ஊரிலயும் இந்த வழக்கம் இருக்கு. என்ர மாமா ஒருத்தரையும் தவிட்டுக்குத்தான் வித்தவை. நான் நம்புறன். ஆனா நான் நம்பி என்ன, ஃபைலில எதை எழுதுறது?" ஃபைலை ஒரு தரம் பொரட்டினாங்க. "மூக்கையான்ர பிள்ளையள் ஆரும் இருக்கினமோ? அவையில ஒராள் விசாரணையில வந்து, சத்தியம் பண்ணி, இவர் எங்கட சகோதரம் இல்லை, கறுப்பையாவுக்குப் பிறந்தவர், நான் கண்ணால பாத்தனான் எண்டு சொன்னால் விசாரிக்கிற ஐயா கட்டாயம் யோசிப்பார். வேற வழி எனக்குத் தெரியேல்ல."

மூக்கையா மக ஒருத்தி இருந்தா. நல்லம்மா. அப்பாவை விட ஏழு வயசு மூப்பு. அப்பனும் ஆத்தாவும் செத்தப்புறம், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தோட்டத்தை விட்டுப் போயிடுச்சு. கெலிஓயா கடைத்தெருவுல பாரூக் முதலாளி ஸ்டோர்ல கராம்பு, மிளகு பொறுக்கிக்கிட்டு, அங்கேயே பின்பக்கத்து அறையில இருந்துச்சு. அதுகிட்ட இந்தியாப் பாரமும் இல்ல, இலங்கைப் பாரமும் இல்ல. "நான் எதுலயும் இல்ல புள்ள, என்னைய எங்கயும் அனுப்ப முடியாது"ன்னு சிரிச்சிச்சு. என்னைய மொதத் தடவை பாக்குது. ஆனா "எந் தம்பி மக"ன்னு பாரூக் முதலாளிகிட்டச் சொல்லி, பிளேன்டீ வரவழைச்சு, பனங்கட்டியைத் தன் கையால ஒடைச்சுக் குடுத்திச்சு.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மிளகு பொறுக்கிக்கிட்டிருந்த கை நின்னுடுச்சு.

"அப்படியா சொல்லணும்? எங்க புள்ள இல்லைன்னு?"

"ஆமா அத்தை. ஒரே ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைதான் புள்ள சொல்லக்கூடாது."

அப்புறம் சொல்லிச்சு. அப்ப அதுக்குப் பன்னெண்டு வயசு, அப்பாவுக்கு அஞ்சு. சுட்ட பலாக்கொட்டைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. கோவத்துல, "போடா, நீ எங்க வீட்டுப் புள்ளையே இல்ல, தவிட்டுக்கு வாங்குனது, ஒன் வீட்டுக்குப் போ"ன்னு சொல்லிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள அவருக்குக் காய்ச்சல். கை கால் வெட்டி இழுத்து, கண்ணு சொருகிடுச்சு. வேலாயி அடிச்சுப் புடிச்சு ஓடி, எங்கேயோ தவிடு வாங்கியாந்து, திரும்ப முறத்துல போட்டு, திரும்ப வாங்கியிருக்கா. பதினெட்டு நாள் கழிச்சுத்தான் எந்திரிச்சாராம்.

"எங்கம்மா சாகறப்பவும் எங் கையைப் புடிச்சு, அந்த வார்த்தை மட்டும் திரும்ப ஒன் வாயில வரக்கூடாதுடின்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடுனா. நீ என்னையக் கச்சேரியில போய்ச் சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்ற."

"அத்தை, அது காய்ச்சல். மலைக்காய்ச்சல். எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான்! அவரை ஒத்தையாக் கப்பல் ஏத்தப் போறாங்க. அங்க அவருக்கு யாரு இருக்கா? நாய் இருக்கா, நரி இருக்கா? கஞ்சி ஊத்த ஆள் இல்லாம அங்கயே செத்துப்போவாரு. அது ஒனக்குச் சம்மதமா?"

வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கல்லுல நார் உரிக்கலாம், அதுகிட்டப் பேச முடியாதுன்னு திட்டினேன். அழுதும் பாத்தேன். கெழவி கால்ல விழுந்தேன். நான் யாரு கால்லயும் விழறவ இல்ல. கடைசியில அது என் தலையைத் தொட்டு, "எந்திரி. வர்றேன்"னுச்சு.

விசாரணை பெப்ரவரி கடைசியில. ஐயா சிங்களவரு, வயசாளி, கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். மிஸ் பக்கத்துல நின்னு ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்தாங்க. நான் தாத்தாவோட பத்திரத்தை மேசையில வச்சேன். அப்பாவோடதை வச்சேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம். அந்த ஒரு சாணுக்கு ஒரு வார்த்தை வேணும். அப்பா பெஞ்சுல சட்டைப் பித்தான் எல்லாத்தையும் கழுத்து வரைக்கும் மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. அத்தை வெள்ளைச் சீலை கட்டி வந்திருந்திச்சு.

சத்தியம் வாங்கினாங்க. ஐயா கேட்டாரு, மிஸ் சொன்னாங்க: "இந்தா இருக்கிற தவிட்டான் உங்களுக்கு என்ன முறை?"

அத்தை அப்பாவைப் பாத்திச்சு. அப்பா அதைப் பாத்தாரு. அவரு தலையை ஆட்டவும் இல்ல, கண்ணைச் சிமிட்டவும் இல்ல. ஆனா அவரு ரெண்டு கையும் பெஞ்சு விளிம்பைப் புடிச்சிருந்தது. அறுபத்தொரு வயசு ஆளு, ஊசி போட வந்த புள்ளை மாதிரி ஒக்காந்திருந்தாரு. அதை நானும் பாத்தேன், அத்தையும் பாத்திடுச்சு.

"எந் தம்பிதாங்க"ன்னுச்சு.

மிஸ் மொழிபெயர்க்காம நின்னாங்க. "அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கூடப் பிறந்த தம்பியோ?"

"கூடப் பொறந்த தம்பிதான். எங்கப்பன் மூக்கையா, எங்காத்தா வேலாயி. அவன் எங்க புள்ள. எங்க புள்ள, எங்க புள்ள."

மூணு தரம் சொல்லிச்சு. ஐயாவுக்கு மூணாவதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல. ரெண்டு பத்திரத்தையும் மடிச்சு என் பக்கம் தள்ளினாரு.

வெளியில வந்து நான் ஆடின ஆட்டம்! கச்சேரி வாசல்ல ஆளுங்க கூடி நின்னு பாத்தாங்க. "நாசமாப் போச்சே, எங்கப்பன் குடியைக் கெடுத்துட்டியே"ன்னு அத்தையை ஏசினேன். அப்பாதான் வந்து என் கையைப் புடிச்சாரு.

"விடு அங்கம்மா. அக்கா இல்லைன்னு சொல்லிடுமோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு"ன்னாரு.

இவருக்காக நான் மூணு மாசம் நாயா அலைஞ்சிருக்கேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விட மாட்டான்னு கேட்டிருக்கேன். வரம் கேட்ட ஆளே வேணாம்னா யாருகிட்டப் போய் முட்டிக்கிறது? அன்னைக்கு ராவு நான் சோறு ஆக்கல. யாரும் கேக்கவும் இல்ல.

மார்ச்சு இருபத்தாறு. கண்டி ஸ்டேசன்ல, இந்தியாக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போற ரயில் கோச்சி. அழுகைக்கோச்சின்னு அதுக்குப் பேரே வச்சிட்டாங்க. மேடை பூரா தகரப்பெட்டி, ஒரலு, கோழிக்கூடை. கட்டிப் புடிச்சு ஒப்பாரி வைக்காத ஆள் இல்ல. அப்பாகிட்ட ஒரு பெட்டி, ஒரு போர்வை. வீட்டுக்காரர் ரெண்டையும் தூக்கி வச்சாரு.

நான் அழல. மடியில தாத்தாவோட பத்திரம் இருந்தது. முந்துன நாளே முடிவு பண்ணிட்டேன். கோச்சி ஏத்தப் பேர் வாசிக்கிற கிளாக்கர் மூக்கையா மகன்னு வாசிக்கட்டும், இல்லை, இவர் கறுப்பையா மகன், நீங்க கூட்டிட்டுப் போற ஆள் இவரு இல்லைன்னு நான் கத்துவேன். மேடையில படுத்துப் பொரளுவேன். போலீசு வரட்டும். ஒரு கோச்சியாச்சும் இவரை விட்டுட்டுப் போகும்ல?

அப்பத்தான் அத்தை வந்திச்சு. கெலிஓயாவுல இருந்து மொதப் பஸ்ஸுல வந்திருக்கு. என்னையப் பாக்காம நேரா அப்பாகிட்டப் போய் ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில வச்சிச்சு.

"பாரூக் முதலாளிகிட்டச் சொல்லி எழுதி வாங்கியாந்தேன். முசிறிப் பக்கத்துல எங்கப்பன் ஊரு. அவரு தம்பி மக்க இருப்பாங்க. போய் நில்லு. மூக்கையா மகன்னு சொல்லு. உள்ள விடுவாங்க."

அப்பா பையை மேலாகத் தடவிப் பாத்துக்கிட்டாரு. "சரிக்கா"ன்னாரு.

கிளாக்கர் தாளோட வந்தாரு. ஒவ்வொரு பேரா வாசிக்கிறாரு, ஒவ்வொருத்தரா ஏறுறாங்க.

"மூக்கையா மகன் தவிட்டான்!"

அப்பா நகராம நின்னு என்னையப் பாத்தாரு. எம் மனசுல என்ன இருக்குன்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்றதுன்னா சொல்லிக்கம்மான்னு விட்டுட்டு நிக்கறாரு. கை மட்டும் அந்தச் சட்டைப் பையைப் பொத்தியிருந்திச்சு.

"மூக்கையா மகன் தவிட்டான்! யாரு? இருக்காரா இல்லையா?"

நான் வாயைத் தெறந்தேன். பத்திரம் கையில. சத்தியமாச் சொல்றேன், வார்த்தை தொண்டை வரைக்கும் வந்திடுச்சு. இவரு மூக்கையா மகன் இல்ல. அவ்வளவுதானே. எமனாவது மண்ணாவதுன்னு நான்தானே கத்தினேன். ஆனா நான் கத்தினாலும் அவரு கடல் தாண்டத்தான் போறாரு. அந்த வார்த்தையால காய்ச்சல் வந்தா, ஓடித் தவிடு வாங்கியாற அங்க எந்த வேலாயி இருக்கா?

பத்திரத்தைத் திரும்ப மடியில சொருகினேன்.

"இங்க இருக்காருங்க"ன்னேன். "மூக்கையா மகன்தான்."

கிளாக்கர் கோடு போட்டாரு. அப்பா ஏறினாரு.